மட்டக்களப்புக் கல்லடியில் 12க்கு 10 அடி அறை: ஒரு சோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அதற்கு எந்த அம்ப்?

வாவிக்கரை (கல்லடி)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு கிழமையாக இங்கே பழைய இழைகளை வாசித்துக்கொண்டு இருந்தேன். வாசிக்க வாசிக்கக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அதனால் கேட்டே விடுகிறேன்.

ஒன்பது வருடம் பாவித்த 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) போன மாதம் நின்றுவிட்டது. திருத்தலாம் என்றார்கள். எனக்கு மனம் இல்லை. படம் பார்க்க ரிவியின் சத்தமே போதும். பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு சோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஒரு ஸ்டீரியோ அம்பும் (அம்ப்ளிஃபையர்) எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

அறை 12 அடிக்கு 10 அடி. சீமெந்துச் சுவர், தரைக்கு டைல்ஸ், ஒரு பெரிய யன்னல். கடல் வீட்டிலிருந்து அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. கேட்பது பழைய சினிமாப் பாட்டு, வீணை, நாதஸ்வரம், கொஞ்சம் புதுப் பாட்டு. எல்லாம் கணினியிலிருந்துதான். பெரும்பாலும் இரவு ஒன்பதுக்குப் பிறகு கேட்பேன். பக்கத்து அறையில் அம்மா படுப்பார், அதனால் சத்தம் பெரிதாக வைக்க முடியாது.

கையில் எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சம் ரூபாய் இருக்கிறது. மனதில் இருக்கும் ஸ்பீக்கர்கள்: எலாக் டெபியூ பி6.2, வார்ஃப்டேல் டயமண்ட் 12.1, கெஃப் க்யூ150. மாமா ஆவணியில் ரொறன்ரோவில் இருந்து வருகிறார், ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். இங்கே யப்பானில் இருந்து வந்த பழைய அம்ப் விற்கிற கடையும் ஒன்று தெரியும், விலை நன்றாகக் குறைவு.

என் கேள்வி இதுதான்: அம்ப் எத்தனை வாட்டில் எடுக்க வேண்டும்?

—

பொத்துவில்_அலை

சென்சிட்டிவிட்டி (கொடுக்கிற வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) கூடிய ஸ்பீக்கர் பெட்டியை எடுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரிவரும். என்னிடம் கிளிப்ஷ் ஆர்பி-600எம். 96 டெசிபல் என்று கொம்பனி சொல்கிறது. சின்ன அம்ப் ஒன்றிலேயே வீடு அதிரும்.

—

வாவிக்கரை (கல்லடி)

நன்றி அண்ணா. ஆனால் எனக்கு வீடு அதிர வேண்டியதில்லை. மெதுவாக வைத்தாலும் பாட்டு முழுதாகக் கேட்க வேண்டும், அதுதான் ஆசை.

—

ஈயக்கோல் (களுவாஞ்சிக்குடி)

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதிய அந்த ஒரு வரிதான் உங்கள் உண்மையான கேள்வி. வாட் கேள்வியை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

27 வருடமாக அம்ப், ரேடியோ, ரிவி திருத்துகிறேன். வாட் என்ற சொல்லால் ஏமாந்தவர்களைப் பார்த்த அளவுக்கு வேறு எதனாலும் ஏமாந்தவர்களைப் பார்க்கவில்லை. உங்கள் 5.1 செட்டின் பெட்டியில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் ஒரு எண் போட்டிருக்கும். அந்த எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. அதே செட்டைப் புரட்டிப் பின்பக்கத்தில் கரண்ட் எவ்வளவு எடுக்கும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். நூறு வாட்டைத் தாண்டினாலே பெரிய விசயம். சுவரில் இருந்து எடுக்காததை ஸ்பீக்கருக்குக் கொடுக்க எந்த அம்பாலும் முடியாது. முன்பு நம்மூரில் கட்டிக் கொடுத்த 4440 அம்ப் ஞாபகம் இருக்கும். எல்ஏ4440 என்ற அந்த ஐசி ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட்தான். அதை வைத்துக்கொண்டு ஊர் எத்தனை வருடம் பாட்டுக் கேட்டது!

இப்போது உங்கள் அறையில் கணக்குப் போடுவோம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்றால், 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தது 87 என்று அர்த்தம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த 2.83 வோல்ட் சரியாக 1 வாட். நீங்கள் 2 மீற்றர் தள்ளி இருப்பீர்கள். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், ஆக 81. இரண்டு ஸ்பீக்கர் பாடுகிறது, சுவரும் சத்தத்தைத் திருப்பித் தருகிறது, அதற்காக 4 கூட்டினால் 85. ஒரே ஒரு வாட்டுக்கு உங்கள் கதிரையில் 85 டெசிபல்! இரவில் அம்மாவை எழுப்பாமல் நீங்கள் கேட்பது சராசரி 70, மிஞ்சினால் 75. தவில் அடி, மிருதங்கத்தின் தொப்பி அடி எல்லாம் சராசரியைவிட 18 டெசிபல் வரைக்கும் ஏறும். 75உம் 18உம் 93. ஒரு வாட்டுக்கு மேல் 8 டெசிபல் வேண்டும், அது 6 வாட் சொச்சம்.

பகலில் அம்மா கோயிலுக்குப் போன நேரம் 85 சராசரியில் கேட்க ஆசை வந்தால்? உச்சம் 103. பத்து டெசிபல் ஏற்றுவதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும், எனவே 60 வாட் சொச்சம். இவ்வளவுதான் உங்கள் அறைக்கு. நல்ல கொம்பனியின் 40 முதல் 60 வாட் அம்ப் ஒன்றில் உங்கள் வாட் தேவை முடிந்துவிட்டது. 45 வாட் அம்புக்கும் 60 வாட் அம்புக்கும் இடையில் வித்தியாசம் ஒன்றேகால் டெசிபல். காதுக்கு அது ஒன்றுமே இல்லை.

வாட்டைவிட முக்கியம் ஓம், அதாவது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று இருக்கும், ஆனால் அது ஒரு பெயரளவு எண். சுரம் மாற மாற ஓம் ஏறும், இறங்கும். கெஃப் க்யூ150ஐ எடுங்கள்: பெயரளவு 8, ஆகக் குறைந்தது 3.7 என்று கெஃப் தானே எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் அம்ப் இரட்டிப்புக் கரண்ட் தள்ள வேண்டும். தள்ளக்கூடிய அம்ப் எது என்று அறிய ஒரு சுலப வழி உண்டு. 8 ஓமில் எத்தனை, 4 ஓமில் எத்தனை என்று இரண்டையும் பாருங்கள். டெனொன் பிஎம்ஏ-600என்இ 8 ஓமில் 45, 4 ஓமில் 70. மரான்ட்ஸ் பிஎம்6007 45, 60. இப்படி 4 ஓமில் ஏறினால் நம்பலாம். 4 ஓம் எண்ணையே எழுதாமல் மறைத்தால் விட்டுவிடுங்கள். 1978இல் வந்த நாட் 3020 வெறும் 20 வாட். அதைவிட இரண்டு மூன்று மடங்கு வாட் எழுதியிருந்த அம்புகள் திணறிய பெட்டிகளை அது பாடவைத்ததற்குக் காரணம் இந்தக் கரண்ட் தள்ளும் சக்திதான்.

மிச்சம் இரவு எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்.

—

கடற்காற்று (காத்தான்குடி)

ஈயக்கோல் அண்ணன் சொன்ன கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கின்படி பார்த்தால் தம்பிக்குப் பெரிய அம்பே தேவை இல்லையே? என்னிடம் டிபிஏ3255 சிப் போட்ட சின்ன கிளாஸ் டி (மிக வேகமாகப் போட்டு அணைத்து வேலை செய்கிற, சூடு குறைந்த வகை) அம்ப் இருக்கிறது, இரண்டு கையில் அடங்கும். எலாக் பி5.2 பெட்டியோடு மூன்று வருடமாக ஓடுகிறது. சூடே இல்லை. மிச்சம் பிடித்த காசில் நல்ல ஸ்பீக்கர் எடுக்கலாம். பழைய மாதிரி 8 கிலோ அம்ப் தூக்க வேண்டிய காலம் போய்விட்டது என்பது என் எண்ணம்.

—

ஈயக்கோல் (களுவாஞ்சிக்குடி)

தம்பி கடற்காற்று, அந்தச் சிப்பை நான் குறைவாக நினைக்கவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் செய்த அருமையான சிப். ஆனால் பெட்டியில் 300 வாட் என்று எழுதுவார்கள், கூட வருகிற அடாப்டர் 32 வோல்ட் 5 அம்பியர். 32ஐ 5ஆல் பெருக்கினால் 160. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மொத்தமே அதுதான், அதிலும் கொஞ்சம் சூடாகப் போகும். 32 வோல்ட்டில் 8 ஓமுக்கு எப்படிப் பிழிந்தாலும் பக்கத்துக்கு 64 வாட்டுக்கு மேல் வராது. அதுவே தம்பிக்குத் தாராளம் என்பது உண்மை. எழுதியிருப்பதை நம்பி வாங்காமல், இந்தக் கணக்கைத் தெரிந்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. மலிவான கிளாஸ் டி அம்புகளில் வெளியே போகும் இடத்தில் ஒரு கொயிலும் கப்பாசிற்றரும் சேர்ந்த வடிகட்டி இருக்கும். ஸ்பீக்கரின் ஓம் மாறினால் மேல் சுரங்களின் அளவும் மாறும். அதே அம்ப் ஒரு பெட்டியில் பளீரென்று கேட்கும், இன்னொன்றில் மந்தமாகக் கேட்கும். அந்த வடிகட்டிக்குப் பிறகு இருந்து ஃபீட்பேக் எடுக்கிற, அதாவது வெளியே போவதைத் திருப்பிப் பார்த்துத் திருத்துகிற, புதிய வகைகளில் இந்தக் குறை இல்லை. அப்படி ஒன்று என்றால் நானே எடுக்கச் சொல்வேன்.

ஆனால் இந்தத் தம்பிக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. யமஹா ஏ-எஸ்301. 60 வாட் என்பதற்காக இல்லை. அதில் லௌட்னஸ் என்று தனியாக ஒரு திருகு இருக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காது கீழ்ச் சுரங்களைக் கேட்பதை விட்டுவிடும். பகலில் நிறைவாகக் கேட்ட பாட்டு இரவில் மெதுவாக வைத்தால் ஒல்லியாகிப் போவது அதனால்தான், ஸ்பீக்கரின் குற்றம் இல்லை. பழைய செட்களில் லௌட்னஸ் என்பது ஒரு அமுக்கும் பொத்தான், போட்டால் ஒரே அளவு. யமஹாவில் அது திருகு. முதலில் நீங்கள் சாதாரணமாகப் பெரிதாகக் கேட்கும் அளவுக்கு வொலியூமை வைத்து, பிறகு லௌட்னஸ் திருகால் குறைத்துக்கொண்டு வர வேண்டும். குறைக்கக் குறைக்கக் காது விட்டுவிடுகிற கீழ்ச் சுரத்தையும் மேல் சுரத்தையும் அது ஈடுசெய்து கொடுக்கும். இரவு ஒன்பதுக்குப் பிறகு கேட்கிறவருக்கு 20 வாட் கூட வாங்குவதைவிட இந்தத் திருகு பெரிய உதவி. ஒப்டிகல் இன்புட்டும் இருக்கிறது, கணினியில் அந்தத் துளை இருந்தால் நேரே செருகலாம்.

—

வாவிக்கரை (கல்லடி)

ஈயக்கோல் அண்ணா, இதை இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்போ யப்பான் கடையில் இருக்கிற பழைய அம்பை விட்டுவிடவா? மாமாவிடம் யமஹாவையே கொண்டுவரச் சொன்னால் என்ன?

—

செங்கலடியான் (ரொறன்ரோ)

தம்பி, பொறுங்கள்! மாமாவிடம் அம்ப் கேட்காதீர்கள். இங்கே கரண்ட் 120 வோல்ட், ஊரில் 230. கனடாவில் விற்கிற அம்பை அங்கே நேரே செருகினால் முடிந்தது கதை. ஸ்பீக்கரைக் கேளுங்கள். சாதாரண ஸ்பீக்கருக்குக் கரண்ட் பிளக்கே இல்லை, எந்த நாட்டில் வாங்கினாலும் ஒன்றுதான். இங்கே தள்ளுபடி வரும் நேரம் எலாக், கெஃப், வார்ஃப்டேல் எல்லாம் நல்ல விலைக்குக் கிடைக்கும். நான் என் மச்சினனுக்கு இரண்டு வருடம் முந்திக் கொண்டுபோனேன். பெட்டியைப் பிரித்து, ஸ்பீக்கரைத் துணியால் சுற்றி, சூட்கேசின் நடுவில் வைத்தேன். அப்படியே போய்ச் சேர்ந்தது. உள்ளேயே அம்ப் வைத்த அக்டிவ் ஸ்பீக்கர் என்றால் மட்டும் வோல்ட் பார்க்க வேண்டும்.

—

ஈயக்கோல் (களுவாஞ்சிக்குடி)

செங்கலடியான் சொன்னது நூற்றுக்கு நூறு. யப்பான் சாமானிலும் அதே கதைதான், இன்னும் மோசம். யப்பானில் 100 வோல்ட். நான் தொழில் பழகிய காலத்தில் ஒருவர் கொண்டுவந்த அழகான அம்ப் ஒன்று, முன்பக்கம் முழுக்க வெள்ளி நிறம், ஊசி ஆடுகிற மீற்றர் இரண்டு. கடையில் வேலை செய்கிறது என்று காட்டித்தான் கொடுத்தார்களாம். அங்கே 230ஐ 100ஆகக் குறைக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், அவருக்கு அதைச் சொல்லவில்லை. நானும் பின்பக்கத்தைப் பார்க்காமல் மேசைப் பிளக்கில் செருகினேன். ஒரு உறுமல், இரண்டு செக்கனில் வார்னிஷ் எரிகிற மணம். ட்ரான்ஸ்ஃபோமர் உள்ளே கருகிவிட்டது. அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் அம்பைத் தூக்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் எந்தச் செட் வந்தாலும் புரட்டி வோல்ட் பார்த்த பிறகுதான் செருகுவேன்.

பழைய யப்பான் அம்ப் கெட்டது என்று சொல்லவில்லை, சன்சுயி, பயனியர், கென்வுட் எல்லாம் உறுதியாகச் செய்த சாமான். ஆனால் முதல் முறை வாங்குகிறவர், அதுவும் கடற்கரையில் இருக்கிறவர், முப்பது நாற்பது வருடக் கப்பாசிற்றரை நம்பிப் போக வேண்டாம். ஸ்பீக்கர் ரொறன்ரோவில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வரட்டும், அம்ப் இங்கேயே 230 வோல்ட்டில், உத்தரவாதத்தோடு.

கடல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, பாண்டிருப்பு, சாய்ந்தமருது எல்லாருக்கும் பொது. போன மாதம் கடற்கரை வீட்டுச் செட் ஒன்றைத் திறந்தேன். ஸ்பீக்கர் வயரின் நுனியில் செம்பு முழுதும் பச்சையாகப் பூத்திருந்தது. அம்பின் உள்ளே ரிலே என்கிற தானியங்கிச் சுவிட்சின் வெள்ளி முனை கறுத்துப்போய், ஒரு பக்கம் சத்தம் வந்து வந்து போனது. ஸ்பீக்கரைச் சுற்றிப் போட்ட ஃபோமில் விரல் வைத்தேன், ஊறின பிஸ்கட் மாதிரிக் கையோடு வந்துவிட்டது. ஆறு வருடம்தான் பாவித்தாராம். வயலுக்குள் இருக்கிற வீடுகளில் இதே சாமான் இப்படிப் பழுதாவதை நான் கண்டதில்லை, உப்புக் காற்றுதான் காரணம்.

ஆகவே ஃபோம் விளிம்பு உள்ள பழைய பெட்டி வேண்டவே வேண்டாம், ரப்பர் விளிம்பாக இருக்கட்டும். நீங்கள் சொன்ன மூன்றிலும் பயம் இல்லை. வயர் நுனியை அப்படியே திருகில் வைக்காமல் தங்கமுலாம் பூசிய பனானா பிளக் போடுங்கள். செட்டைப் பிளாஸ்ரிக் உறையால் மூடாதீர்கள், உள்ளே ஈரம் வியர்க்கும், மெல்லிய துணி போதும். ஒவ்வொரு நாளும் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். மாதக் கணக்கில் சும்மா இருக்கிற அம்ப்தான் என்னிடம் அதிகம் வருகிறது.

வயருக்குக் காசு கொட்டாதீர்கள். வளையக்கூடிய 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் 5 மீற்றர் ஓடினால், போக வர 10 மீற்றருக்கு 0.07 ஓம்தான் தடை. ஸ்பீக்கரின் 4 ஓமுக்கு முன்னால் அது தூசு. வீட்டு வயரிங்குக்கு இழுக்கிற 7/0.67 வயரும் அதே தடிப்புத்தான், ஆனால் விறைப்பு, திருகு இழுபடும்.

—

சுருதிப்பெட்டி (ஆரையம்பதி)

எல்லாரும் அம்பைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சங்கீத ரீச்சர். இந்தத் தம்பி கேட்பது வீணையும் நாதஸ்வரமும் குரலும். அதற்குக் கடையில் போட்டுக் காட்டுகிற ஆங்கிலப் பாட்டைக் கேட்டு வாங்கக் கூடாது. அந்தப் பாட்டில் எந்தப் பெட்டியும் அழகாகத்தான் கேட்கும், பாடினவரின் நேர்க்குரல் எப்படி என்று நமக்குத் தெரியாதே.

நேரில் கேட்டுப் பழகிய சத்தத்தை ஒரு பதிவாக எடுத்துக்கொண்டு போங்கள். நான் கொண்டுபோனது, எங்கள் பக்கத்தில் வட்டக்களரியில் ஆடிய தென்மோடிக் கூத்து ஒன்றை நானே பதிந்தது. அண்ணாவியாரின் (கூத்தைப் பழக்கி நடத்துகிறவர்) மத்தளத்துக்கு நேர் முன்னால், ஆறு அடி தூரத்தில் பதிகருவியை வைத்தேன். மத்தளம், சல்லாரி என்கிற தாளம், ஆட்டக்காரரின் சதங்கை, பின்பாட்டு எல்லாம் அதில் உண்டு. ஒரு கடையில் கேட்டபோது சதங்கை ஒவ்வொரு மணியாகப் பிரியாமல் மணலைக் கொட்டின மாதிரி 'ஸ்ஸ்' என்று கேட்டது. அந்தப் பெட்டியின் ட்வீற்றர் (மேல் சுரத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) எனக்கு வேண்டாம் என்று அந்த நிமிடமே முடிவு. இன்னொரு பெட்டியில் மத்தளத்தின் இடந்தலை பெரிதாக வந்தது, ஆனால் எல்லா அடியும் ஒரே சுருதி. அண்ணாவியார் கையை மாற்றி மாற்றி வாசிக்கிறார், பெட்டி ஒரே 'தும்' என்கிறது. வார்ஃப்டேல் டயமண்ட் 12.1இல்தான் பின்பாட்டுக்காரர் நான்கு பேர் என்று எண்ண முடிந்தது. கீழ்ச் சுரம் குறைவுதான், 130 மில்லிமீற்றர் வூஃபர் (கீழ்ச் சுரத்துக்கான ஸ்பீக்கர்) வேறென்ன தரும்? இருப்பது உண்மையாக இருந்தது.

வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் பேசுவதைப் பதிந்து கொண்டுபோவது இன்னும் நல்லது. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வான்களுக்கென்று 1970களில் எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியைச் செய்தபோது அவர்கள் பெரிதும் கவனித்தது மனிதப் பேச்சைத்தான். அந்தப் பெட்டியின் சென்சிட்டிவிட்டி 83 டெசிபல் அளவு, இன்றைய கணக்கில் மிகக் குறைவு. ஆனாலும் குரலுக்காக அதை இன்றைக்கும் தேடுகிறார்கள். பொத்துவில் தம்பி கோபிக்க வேண்டாம், சென்சிட்டிவிட்டி மட்டும் பார்த்தால் இப்படியான பெட்டி கண்ணில் படாமலே போய்விடும்.

—

பொத்துவில்_அலை

கோபம் ஒன்றும் இல்லை ரீச்சர். நான் பெரிய விறாந்தையில் கதவு திறந்து வைத்துக் கேட்கிறவன், அதனால் எனக்கு அது சரிவந்தது. 12க்கு 10 அறை என்பதை முதலில் நான் கவனிக்கவில்லை. அந்த அறைக்கு நானும் சின்ன வூஃபரையே சொல்வேன்.

—

கடற்காற்று (காத்தான்குடி)

அறையைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லலாமா? நான் எலாக் பி6.2ஐ விட்டு பி5.2 எடுத்ததற்குக் காரணம் அறைதான். 12 அடி என்பது 3.66 மீற்றர். ஒலியின் வேகத்தை அந்த நீளத்தின் இரட்டிப்பால் பிரித்தால் 47 ஹேர்ட்ஸ் சொச்சம். 10 அடிப் பக்கத்துக்கு 57. இந்த இரண்டு சுரம் வரும்போதும் அறையே சேர்ந்து உறுமும். ஆறரை அங்குல வூஃபர் அந்த இடத்தை நன்றாகவே தட்டி எழுப்பும். கூட்டாளி வீட்டில் பி6.2 கேட்டேன், அவருடைய அறை 18 அடி, அங்கே அது அரசன். என் அறையில் கொண்டுவந்து வைத்தோம், ஒரு சுரத்தில் அலுமாரிக் கதவு பேசத் தொடங்கிவிட்டது.

எலாக்கில் ஒரு வசதி, காற்றுத் துளை முன்பக்கம். சுவருக்குக் கிட்ட வைக்கலாம். கெஃப் க்யூ150, டயமண்ட் 12.1 இரண்டுக்கும் துளை பின்பக்கம், சுவரில் இருந்து ஒன்றரை அடியாவது முன்னுக்கு இழுக்க வேண்டும். 12 அடி அறையில் ஒன்றரை அடி போனால் வீட்டில் கேள்வி வரும், அதையும் யோசியுங்கள் தம்பி.

—

சுருதிப்பெட்டி (ஆரையம்பதி)

அறையின் நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கைதட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று ஒரு வால் நீண்டால், எந்தப் பெட்டி வாங்கினாலும் வீணையின் மீட்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறும். நான் தரைக்கு இரண்டு பன்பாயை ஒன்றின்மேல் ஒன்று போட்டு அதற்குமேல் தடித்த கம்பளம் விரித்தேன். பாய் மட்டும் போதாது, மெல்லிசு. யன்னலுக்கு மருதமுனைக் கைத்தறித் துணி, யன்னல் அகலத்தின் இரண்டு மடங்கு எடுத்து மடிப்பாகத் தொங்கவிட்டேன். பின்சுவருக்குப் புத்தக அலுமாரி. கைதட்டல் 'டப்' என்று நின்றது. இதற்குப் போன காசு நல்ல வயர் ஒன்றின் விலைகூட இல்லை.

—

ஈயக்கோல் (களுவாஞ்சிக்குடி)

ரீச்சர் சொன்னதற்குப் பிறகு ஸ்டாண்ட் பற்றி ஒன்று மட்டும். ட்வீற்றர் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். வெல்டிங் பட்டறையில் நான்கு அங்குல இரும்புப் பெட்டிக் குழாயில் செய்து தருவார்கள். உள்ளே மணல் நிரப்புங்கள், இல்லாவிட்டால் குழாய் மணி மாதிரி அடிக்கும். கல்லடியில் கால் வைத்தால் மணல்தான், ஆனால் கடற்கரை மணலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், உப்பு உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். ஆற்று மணல், இரண்டு நாள் வெயிலில் காயவைத்தது.

—

வாவிக்கரை (கல்லடி)

மூன்று கிழமை கழித்து வருகிறேன். எல்லாம் நடந்துவிட்டது, ஒழுங்காகச் சொல்கிறேன்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனேன். ரீச்சர் சொன்னபடி இரண்டு பதிவு கொண்டுபோனேன். ஒன்று அம்மா கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாட்டை மெதுவாகப் பாடினது, மற்றது எங்கள் கோயில் நாதஸ்வரம். கெஃப் க்யூ150உம் டயமண்ட் 12.1உம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க விட்டார்கள். கெஃபில் இடம் பிரிப்பு அதிசயம், நாதஸ்வரக்காரர் எங்கே நிற்கிறார் என்று விரல் நீட்டிக் காட்டலாம். கதிரையை விட்டு எழும்பி ஓரமாக நின்றாலும் அது மாறவில்லை. ஆனால் மெதுவாக வைத்து அம்மாவின் பதிவைப் போட்டபோது டயமண்டில்தான் அம்மா மூச்சு எடுக்கிற இடம் தெரிந்தது. கடைக்காரர் பொறுமைசாலி, ஒன்றரை மணி நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

யமஹா ஏ-எஸ்301ஐ அங்கேயே எடுத்தேன், பின்பக்கம் 230 வோல்ட் என்று இருப்பதைப் புரட்டிப் பார்த்துவிட்டு. டயமண்டை மாமா கொண்டுவந்தார். விலை வித்தியாசத்தில் ஸ்டாண்டும் கம்பளமும் வந்துவிட்டது.

வந்து பூட்டின முதல் நாள் அழுகை வந்தது. கடையில் கேட்ட கீழ்ச் சுரம் ஒன்றுமே இல்லை. குரல் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தது. பெட்டியை முன்னுக்கு இழுத்தேன், பின்னுக்குத் தள்ளினேன், பலன் இல்லை. இரவு பதினொரு மணிக்கு ரோச் லைற் அடித்துப் பின்பக்கம் பார்த்தால், இடது பக்கத்தில் சிவப்பும் கறுப்பும் மாறிப் பூட்டியிருக்கிறேன். மாற்றினேன். அம்மாவின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவரில் தொங்குகிற படத்துக்கு நேரே வந்து நின்றது.

சுவரில் இருந்து 20 அங்குலம் முன்னுக்கு வைத்திருக்கிறேன். லௌட்னஸ் திருகை ஈயக்கோல் அண்ணா சொன்ன மாதிரியே பாவிக்கிறேன். வொலியூமை மட்டும் குறைத்தால் தவில் காணாமல் போகிறது, இந்தத் திருகால் குறைத்தால் தவில் தூரத்துக் கோயிலில் அடிக்கிற மாதிரி இருக்கிறது. பக்கத்து அறைக்குக் கேட்கவும் இல்லை.

—

ஈயக்கோல் (களுவாஞ்சிக்குடி)

சிவப்பு, கறுப்பு மாறுவது என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நடக்கிறது தம்பி. ஒரு பெட்டி முன்னுக்குத் தள்ளும் நேரம் மற்றது பின்னுக்கு இழுத்தால் கீழ்ச் சுரம் ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்பீக்கருக்கு ஒரு கெடுதியும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கினால் சுவிட்சை அணைப்பதோடு விடாதீர்கள், பிளக்கையே கழற்றுங்கள். கணினியில் இருந்து வருகிற வயரையும் கழற்றுங்கள், இணைய வயர் வழியாக வந்த மின்னல் கணினியோடு அம்பையும் கொண்டுபோனதை இந்த மேசையில் பார்த்திருக்கிறேன். ஒப்டிகலில் செருகியிருந்தால் அந்த வழியில் பயம் இல்லை, அதில் போவது வெளிச்சம். மழை முடிந்து தையில் ஒரு தரம் பனானா பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள்.

—

சுருதிப்பெட்டி (ஆரையம்பதி)

தம்பி, என் டயமண்ட் பெட்டி டைல்ஸ் தரையில் மேசைமேல் இருக்கிறது. மணல் போட்ட ஸ்டாண்டில் அதே பெட்டி எப்படிக் கேட்கிறது என்று பார்க்க ஆசை. கூத்துப் பதிவைக் கொண்டுவந்தால் போடலாமா?

—

வாவிக்கரை (கல்லடி)

ரீச்சர், ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு வாங்க. கடற்காற்றுக் காக்கா, நீங்கள் உங்கள் சின்ன அம்பையும் கொண்டு வாங்க. ஒரே பெட்டியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம், எது எது என்று பார்க்காமல். ஈயக்கோல் அண்ணா வந்தால் வயரை அவரே மாற்றட்டும். அம்மா பால்சோறு கிண்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

—

கடற்காற்று (காத்தான்குடி)

அசர் தொழுகை முடிந்ததும் வருகிறேன். அடாப்டரை மறந்துவிடாமல் இப்போதே பையில் வைத்துவிட்டேன்.